மூதூர்ப் பிள்ளையின் சட்டி

1. நான் மச்சம் சாப்பிடுவதை நிறுத்தினேன்.
2. எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று அம்மா கேட்டார்.
3. எந்தக் கோயிலுக்கும் இல்லை என்றேன். அதைக் கேட்ட பிறகுதான், இது நேர்த்திதான் என்று அம்மா முழுதாக நம்பினார்.
4. எனக்குப் பிறகு, என்னோடு ஒரே மேசையில் வேலைசெய்யும் மூதூர்ப் பெண்ணும் மச்சத்தை விட்டாள். பாலையும் விட்டாள்.
5. அவளுடைய உம்மா அவளோடு சண்டை பிடித்தார்.
6. அந்தச் சண்டையின்மீது எனக்குப் பொறாமை வந்தது.
7. என் நேர்த்தி முடிந்துவிட்டதென்று அம்மா நண்டு வாங்கி வந்தார்.

நடந்தது இவ்வளவுதான். வரிசையும் சரி. எதற்கும் இலக்கம் போட்டுவிட்டால் எனக்கு மனம் ஒரு நிலைக்கு வரும். படித்த படிப்பு அப்படி. ஆனால் ஆறாவது மட்டும் அதற்குரிய இடத்தில் நிற்கவில்லை. ஐந்துக்கு முன்பும் அது இருந்தது. ஏழுக்குப் பின்பும் இருக்கிறது.

மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி, நண்டு, றால், முட்டை, கருவாடு எல்லாம் அடங்கும். வெள்ளிக்கிழமைகளில் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டிலும் மச்சம் இல்லை. அன்றைக்கென்று தனிச் சட்டி உண்டு. மற்ற ஆறு நாளும் அது அலுமாரிக்கு மேலே கவிழ்ந்து கிடக்கும்.

உணவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்ததும், துறைமுகப் பக்கத்தில் உயிர் நண்டு பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய நிலையம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. களப்பில் பிடித்த நண்டுகள் காலும் கொடுக்கும் கட்டப்பட்டு ஈரச் சாக்கில் வரும். ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து, மெல்லிய குச்சியால் அதன் கண்ணைத் தொட வேண்டும். கண்ணைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டால் நண்டு உயிரோடு இருக்கிறது. இழுக்காவிட்டால் இல்லை. தொடுவது நான். தொட்டுவிட்டு "உயிர்" என்பேன், அல்லது "இல்லை" என்பேன். எதிரில் நிற்கும் மூதூர்ப் பெண் "உயிர்" என்றதை வலப்பக்கத்து ரெஜிபோம் பெட்டியிலும் "இல்லை" என்றதை இடப்பக்கத்து வாளியிலும் போடுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். சொல்லைக் கேட்டு அவளுடைய கை தானாகப் போகும்.

நாள் முழுக்க என் வாயில் அந்த ஒரு சொல்தான். உயிர், உயிர், உயிர், இல்லை, உயிர். வாய்ப்பாடு சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருமழை நாளொன்றில் மின்சாரம் போய், குளிர் அறை மோட்டர்களின் இரைச்சல் நின்றது. என் குரல் மட்டும் அந்த மண்டபத்தில் தனியாகக் கேட்டது. "உயிர்" என்றேன். என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் நண்டுக் குழம்பு. முருங்கையிலை போட்டு அம்மா வைப்பது. எனக்கு அதைவிட விருப்பமான சாப்பாடு இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

"எனக்கு வேண்டாம் அம்மா. இனி மச்சமே வேண்டாம்."

"எந்தக் கோயிலுக்கடி?"

"கோயிலுக்கு இல்லை."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரி, சரி. நேர்த்தியை வாய்விட்டுச் சொல்லக் கூடாதுதான். நான் கேக்கயில்லை."

"நேர்த்தி இல்லையம்மா."

"அதைத்தான் நானும் சொல்லுறன். சொல்லாத. சொன்னாப் பலிக்காது."

கலியாணம் பேசும் வயதில் ஒரு பெண் மச்சத்தை விட்டால் காரணம் கேட்க வேண்டியதில்லை. மறுத்தால் அது இன்னும் உறுதி. மூன்று தடவை மறுத்தேன். மூன்றாம் தடவை அம்மா என் தலையைத் தடவிவிட்டார்.

நான் பதில்களை ஆயத்தமாக வைத்திருந்தேன். சத்துக்கு என்ன செய்வாய் என்றால் ஒரு பதில். கடலை நம்பியிருக்கிற சனம் எப்படிப் பிழைக்கிறது என்றால் ஒரு பதில். அது அவ்வளவு நல்ல பதில் இல்லை, ஆனாலும் ஒன்று இருந்தது. மரக்கறிக்கு மட்டும் உயிரில்லையா என்றால் ஒரு பதில். நண்டை விற்றுச் சம்பளம் எடுத்துக்கொண்டு நண்டு பாவம் என்கிறாயே என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. இல்லை என்று ஒப்புக்கொள்வதாக இருந்தேன். ஒரு கேள்வியும் வரவில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டியை அம்மா அலுமாரியிலிருந்து இறக்கி, எனக்கென்று தினமும் அதில் சமைத்தார். தலைக்குத் தோய்ந்து குளித்தாயா என்று கேட்டார். விபூதியை எடுத்துத் தந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கிடைத்தது சாமியின் சட்டி. நேர்த்தி முடியும் நாளில் அது திரும்ப மேலே போய்விடும்.

மூதூர்ப் பெண் விட்டது எப்படி என்பதை மேசையிலிருந்த எல்லோரும் அறிவார்கள், ஏனென்றால் அவள் எதையும் சத்தமாகச் செய்பவள். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து, பொரித்த மீன் துண்டைப் பக்கத்தில் இருந்தவரின் இலைக்குத் தள்ளிவிட்டு, "இனி எனக்கு இது வேணா" என்றாள். பொதி கட்டும் அக்கா ஒருவர் வாயில் சோற்றோடு கேட்டார்:

"என்ன பிள்ளை, நீங்கள் சைவமோ?"

"நான் முஸ்லிம். மச்சம் தின்னுறல்ல, அவ்வளவுதான்."

"அப்ப சைவம்தானே?"

"அக்கா, உங்களுக்கு மச்சம் இல்லாட்டிச் சைவம். எனக்கு மச்சம் இல்லாட்டியும் நான் முஸ்லிம்தான். என்னை மரக்கறி எண்டு செல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் "மரக்கறி மிஸ்". அதற்கு முன்பு எத்தனையோ மத்தியானங்கள் அதே சாப்பாட்டு வாங்கில் இருந்து நான் பருப்பும் கீரையும் சாப்பிட்டிருந்தேன். என்னைப் பார்த்து அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு தடவை: "விரதமோ தங்கச்சி?" எனக்குப் பட்டப்பெயர் இல்லை. சைவம் என்ற சொல் எனக்கு முன்பே எனக்காகத் தைத்து வைத்திருந்த சட்டை மாதிரி. போட்டதுகூட யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. பொருந்தாததால்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொறாமை தொடங்கியது அங்கேதான். அது வளர்ந்தது அவளுடைய உம்மாவால்.

அவளுடைய வீட்டில் எருமை வளர்க்கிறார்கள். தயிர்ச் சட்டிகள் அவர்கள் வீட்டிலிருந்து கடைகளுக்குப் போகும். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும்போது ஒரு சட்டி தயிர் கொண்டு வருவாள். அம்மாவுக்கு அந்தத் தயிர் என்றால் உயிர். அந்த வீட்டுப் பிள்ளை, கன்றைக் கட்டிவைத்துவிட்டுத் தாயைக் கறப்பது தனக்குச் சரியாகப் படவில்லை என்று பாலையும் தயிரையும் விட்டாள். நான் விடவில்லை. இன்றைக்கும் தேத்தண்ணிக்குப் பால் விடுகிறேன். தயிர் சாப்பிடுகிறேன். எங்கே கோடு போடுவது என்று யோசித்து முட்டைக்கும் பாலுக்கும் நடுவில் போட்டேன். அவள் என் கோட்டைத் தாண்டி நடந்து போனாள். இரண்டாவதாகத் தொடங்கி என்னை முந்திவிட்டாள்.

சண்டையை அவள் மத்தியானங்களில் துண்டு துண்டாகச் சொல்லுவாள், உம்மாவின் குரலிலேயே.

"நேத்து என்ன செல்றா தெரியுமா? 'அல்லாஹ் ஆகுமாக்கித் தந்ததை வேணா எண்டு செல்ல நீ ஆரு?' எண்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஆகும்தான் உம்மா, நான் இல்லெண்டு செல்லல்ல. கட்டாயம் தின்னணும் எண்டு இல்லையே எண்டன். கதை நிண்டுட்டு. பேசாமப் போய்ப் படுத்துட்டா."

அடுத்த நாள்: "'எங்கட எருமைப் பால்ல வளந்த உடம்பு உனக்கு' எண்டு அழுறா. எனக்கும் அழுகை வந்துட்டு."

அதற்கடுத்த கிழமை: "இண்டைக்குக் காலைல கேக்கிறா, 'சரி, பருப்பில என்ன சத்து இரிக்கி, செல்லு பாப்பம்' எண்டு. நான் செல்லச் செல்லக் கேட்டுக்கிட்டு இருந்தா. பிறகு, 'அப்ப கௌபிப் பயறும் போடணும்' எண்டு செல்லிட்டுப் போய் அவிச்சா."

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டில் குர்பான் கொடுத்தார்கள். இறைச்சிப் பங்குகளை அவள்தான் அயல் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். திரும்பி வந்தபோது உம்மா அவளுக்கென்று தேங்காய்ப்பால் விட்டுக் கத்தரிக்காய்க் கறி வைத்திருந்தார். "பேசாமத்தான் வச்சா. மூஞ்சி மூணு முழத்துக்கு இரிந்த. ஆனா வச்சா," என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் எதுவும் தெரியாது. நான் எப்போதும் அமைதியான ஆள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உள்ளே ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். உம்மா ஏசுகிறார், அழுகிறார், படுத்துக்கொள்கிறார், எழும்பி வந்து கேள்வி கேட்கிறார், பதிலைக் கேட்கிறார், கௌபி அவிக்கிறார். இவ்வளவும் ஒரு பெண் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொண்டதால் நடப்பது. என் வீட்டில் இருந்தது சமாதானம். அம்மாவிடமிருந்து எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இது உன் முடிவு, முடிகிற முடிவு இல்லை என்று அவர் விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு நல்ல சண்டைக்கும் ஆயத்தமாக இருந்தேன். சாமியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

ஊர்க் கோயில் திருவிழாவோடு என் நேர்த்தி முடிகிறது என்று அம்மா தானாகவே கணக்கு வைத்திருந்தார். எனக்கு அது தெரியாது. கொடி இறக்கித் திருவிழா முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, மூதூர்ப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தயிருக்குப் பதிலாக இந்தத் தடவை பை நிறையக் கத்தரிக்காய்.

"வா மகள், வா. வெயிலுக்குள்ளால வந்திருக்கிறாய். இரு, அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இரு," என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "எடியே, தண்ணி குடு."

அவள் மகள். நான் எடியே. அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அவள் என் அம்மாவை அம்மா என்றே கூப்பிடுவாள். அவளுக்குத் தன் வீட்டில் உம்மா இருப்பதால் அம்மா என்ற சொல் யாருக்கும் கொடுக்காமல் மிச்சமாக இருந்தது. அதைக் கொண்டுவந்து என் வீட்டில் செலவழிக்கிறாள்.

தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போனேன். அவளும் பின்னால் வந்தாள். நிலத்தில் ஒரு பெரிய பேசின். உள்ளே நண்டுகள், கொடுக்குக் கட்டப்பட்டு, ஈரச் சாக்கால் மூடியபடி.

நான் யோசித்துச் செய்யவில்லை. குந்தியிருந்து சாக்கை விலக்கி, பக்கத்தில் கிடந்த ஈர்க்கால் மேலே கிடந்த நண்டின் கண்ணைத் தொட்டேன். கண் உள்ளே போனது.

"உயிர்," என்றேன்.

பின்னால் நின்றவளின் கை தானாக நீண்டு, அந்த நண்டைத் தூக்கி வலப்பக்கம் வைத்தது. வைத்த பிறகுதான் அவளுக்கும் விளங்கியது. அது வேலை மேசை இல்லை, எங்கள் குசினி நிலம்.

"என்னடி ரெண்டு பேரும் மந்திரம் சொல்லுறியள்?" என்று அம்மா வாசலில் வந்து நின்றார். "பாத்தியே, நல்ல சதைப்பிடிப்பான நண்டு. இண்டைக்கு உன்ட நேர்த்தி முடியிற நாள். முருங்கையிலை ஒடிச்சு வைச்சிருக்கிறன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "அம்மா, இவ நேர்த்தி வைக்கல்ல. என்னை மாதிரித்தான். இனித் தின்னமாட்டா."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். "மெய்யாவோ மகள்?"

"மெய்தான்."

"நேர்த்தி இல்லையோ?"

"இல்லம்மா. ஒரு நேர்த்தியும் இல்ல."

அவ்வளவுதான். நான் மூன்று தடவை சொல்லி எடுபடாததை அவள் ஒரு தடவையில் முடித்துவிட்டாள். அம்மா உள்ளே வந்தார். நிலத்தில் குந்தியிருந்து, கேட்கத் தொடங்கினார். ஏன் விட்டனி? சத்துக்கு என்ன செய்யிறாய்? கடல்தொழில் செய்யிற சனம் என்ன செய்யிறது? எல்லாம் நான் எதிர்பார்த்து வைத்திருந்த கேள்விகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். எல்லாவற்றையும் அவளிடம் கேட்டார். என் பதில்கள் அவளுடையவற்றைவிட நன்றாக இருந்தன. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பினார். எனக்கும் ஒரு கேள்வி வருகிறது என்று நிமிர்ந்து இருந்தேன்.

"அப்ப இந்தப் பிள்ளையைப் பாத்துத்தானே நீயும் விட்டனி?"

"இல்லம்மா," என்று அவள் குறுக்கே வந்தாள். "இவதான் முதல்ல விட்டவ. நாள் முழுக்க 'உயிர், உயிர்' எண்டு செல்லுவா. நான் நண்டை எடுத்து வைக்கிறன், காதுக்குள்ள இவட சத்தம். வீட்டுக்குப் போய்ச் சோத்தில கை வைச்சாலும் அதே சத்தம். அதாலதான் விட்டன். இவதான் காரணம்."

இதை அவள் அதற்கு முன்பு என்னிடம் சொன்னதில்லை. அந்த நேரத்தில் எனக்கு உள்ளே ஏதோ இளகியது என்று எழுதலாம். இளகவும் செய்தது, ஒரு நொடி. அதற்குள் அம்மா என்னிடம் சொன்னார்:

"பாத்தியே? தான் செய்ததைக் கூட உன்ட பேரில போடுது பிள்ளை. எவ்வளவு அடக்கம். இதைப் பழகு."

அவள் திரும்பவும் மறுத்தாள். அம்மா அவளுடைய தலையைத் தடவிவிட்டார். மறுத்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது.

எனக்குக் கிடைத்த ஒரே கேள்வி, அவள் முற்றத்தில் முகம் கழுவப் போனபோது வந்தது. அம்மா சாக்கை நண்டின்மேல் திரும்பப் போட்டபடி, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்: "சம்பளம் நண்டால வருது. வாய்க்கு மட்டும் நண்டு பாவமோ?"

"பதில் இல்லையம்மா," என்றேன்.

"ம்," என்றார். கோபமில்லை. ஆனால் அந்த 'ம்' ஒன்றுதான் அன்று முழுக்க எனக்கென்றே அவர் சொன்னது. அதை யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன்.

நண்டுகளை அம்மா பேசினோடு தூக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். அவிழ்த்துக் கடலில் விடலாமே என்று மூதூர்ப் பெண் கேட்டாள். "பிடிச்சவன், ஏத்தினவன், வித்தவன் எல்லாரையும் தாண்டி என்ட குசினியில வந்துதானோ அதுக்கு விடுதலை?" என்றார் அம்மா. அரை மணித்தியாலத்தில் மதிலுக்கு மேலால் மணம் வந்தது. மிளகு, பெருஞ்சீரகம், முருங்கையிலை. எனக்கு வாய் ஊறியது. கத்தரிக்காய் நறுக்குகிற சாட்டில் குனிந்து கொண்டேன்.

"உங்களுக்கு ஆசையாயில்லையா?" என்று அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"நண்டுக்கா? எங்கட வீட்டில நண்டு எடுக்கிறல்ல. நான் வாழ்க்கையில தின்டதே இல்ல. எனக்கு இந்த மணம் நாத்தமாத்தான் இரிக்கி."

அவள் ஆட்டிறைச்சியை விட்டாள், மீனை விட்டாள், வளர்த்த எருமையின் தயிரை விட்டாள். அது எனக்குத் தெரியும். ஆனால் நண்டின் கண்ணைத் தொட்டது நான், நண்டை விட்டது நான், நண்டுக்கு ஏங்குகிறதும் நான். நண்டைப் பற்றி அம்மாவை நம்ப வைத்தது மட்டும், நண்டின் ருசியே தெரியாத அவள்.

அன்று பின்னேரம் அவளுக்கு பால் விடாத வெறும் பிளேன்டீ கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தேங்காய் துருவி, முதற்பால் பிழிந்து தேத்தண்ணிக்குள் விட்டார். அது திரைந்து மேலே மிதந்தது. அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இரிக்கம்மா" என்றாள். எனக்கு எங்கள் வீட்டில் இதுவரை யாரும் தேங்காய்ப்பால் தேத்தண்ணி போட்டதில்லை. நான் பாலை விடவில்லையே, பிறகு ஏன் போடுவார்கள் என்று கேட்டால், நியாயம்தான்.

அடுத்த கிழமை அம்மா சந்தையில் புது மண்சட்டி ஒன்று வாங்கினார். கஞ்சி வைத்துப் பழக்கி, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்தார். வெள்ளிக்கிழமைச் சட்டி திரும்ப அலுமாரிக்கு மேலே போனது.

இப்போது இருக்கிற நிலைமை இது. நான் மச்சம் சாப்பிடுவதில்லை, பால் குடிக்கிறேன். அம்மா என்னிடம் நேர்த்தியைப் பற்றிக் கேட்பதில்லை, இது முடிகிற ஒன்று இல்லை என்று அவருக்குத் தெரியும். புதுச் சட்டிக்கு மூதூர்ப் பிள்ளையின் சட்டி என்று பெயர். அவள் மாதத்தில் ஒரு தடவை வந்து அதில் சாப்பிடுகிறாள். மற்ற நாளெல்லாம் அதில் சமைப்பதை நான் சாப்பிடுகிறேன். அவள் மனேஜரிடம் கேட்டு, ஐஸும் தண்ணீரும் பரிசோதிக்கிற பக்கத்துக்கு மாறிவிட்டாள். நானும் கேட்கலாம், கொடுப்பார்கள். கேட்டால் அவளைப் பார்த்துக் கேட்டதாகிவிடும் என்பதால் இன்னும் கேட்கவில்லை. மேசையில் எனக்கெதிரே இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். நான் கண்ணைத் தொட்டு "உயிர்" என்கிறேன். அவள் வலப்பக்கம் வைக்கிறாள்.